கலர் வண்டியில் அக்கா குரல்

ஆரஞ்சுக் கலர் குடித்தால் நாக்கு சாயங்காலம் வரை சிவப்பாகவே இருக்கும். அப்போது ஒரகடம் பக்கத்தில் யாரும் கூல்டிரிங்ஸ் என்று சொல்ல மாட்டோம், 'கலரு'தான். வாலாஜாபாத்தில் ஒருவர் சின்னதாகக் கலர் கம்பெனி வைத்திருந்தார். அவருடைய வண்டி, மேலே ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு, சனிக்கிழமைதோறும் எங்கள் ஊருக்கு வரும். அதில் பாடுவது என் அக்கா எஸ்தர்.

சர்ச்சில் அவள் பாடியதைக் கேட்ட முதலாளி, படப்பையில் ஒரு ரூமில் உட்கார வைத்து, கேசட்டில் பதிந்துகொண்டார். இரண்டே வரி.

'வெயிலுல யாரு வராங்க, நம்ம வூட்டு ஆளு வராங்க,
கலரு ஒண்ணு குடுத்துப் பாரு, களைப்பு போற வேகம் பாரு.'

பக்கத்து வீட்டு ராணி அத்தை சும்மா இருக்காது. "இன்னாடி எஸ்தரு, உன் சத்தம் கேட்டு என் எருமை கயிறு அறுத்துகினு ஓடுது" என்று வம்புக்கு இழுக்கும். "அதுக்கும் ஒரு கலரு வாங்கிக் குடு அத்தை" என்பாள் அக்கா.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்து நாள்தான் இருந்தாள். வயசு பத்தொன்பது. வீட்டில் அவள் போட்டோ ரெண்டு இருந்தது. குரல் வண்டியில் மட்டும்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அம்மா வாசலில் நின்றாள். கோயில் திருப்பம் வரைக்கும் பாட்டு கேட்டது. எங்கள் தெரு முனைக்கு வந்ததும் நின்றுவிட்டது. டிரைவர் மாணிக்கம் அண்ணன் சாவு வீட்டுக்கு மரியாதையாக ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அதற்கடுத்த வாரம் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு பின்தெருக் குழாய்க்குப் போனாள். அங்கேயும் அம்மாவைப் பார்த்ததும் அவர் அணைத்துவிட்டார். அம்மா எங்கே நின்றாலும் அங்கே பாட்டு நின்றது.

பொண்ணைப் பறிகொடுத்தவள் பாட்டுப் போடச் சொன்னால் ஊர் என்ன பேசும்? அதனால் என்னை அனுப்பினாள். "நிறுத்தாம போவச் சொல்லுடி" என்றாள். எனக்குப் பதினோரு வயசு. போனேன். மாணிக்கம் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். அம்மா சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடித்துவிட்டு வந்து "சொல்லிட்டேம்மா" என்றேன். அம்மா என் நாக்கைப் பார்த்தாள். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அப்படியேதான் ஆனது.

அதற்குப் பிறகு வந்த வாரம் வண்டி எங்கள் தெருவுக்குள் சத்தத்தோடு வந்தது. அம்மா ஓடிப் போனாள். உள்ளே ஒரு ஆம்பளைக் குரல் வேறு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. மாணிக்கம் அண்ணன் இறங்கி வந்து அம்மா பக்கத்தில் மெதுவாகச் சொன்னார்:

"நாந்தாம்மா மொதலாளிகிட்ட கெஞ்சி மாத்தச் சொன்னேன். அதே கேசட்டுல பழச அழிச்சிட்டாங்க. இனிமே உங்க மனசு கஷ்டப்படாது."

அம்மா அந்த ஸ்பீக்கரைப் பார்த்தாள். "சரிப்பா. தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றாள்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. எங்கள் தெரு இருந்த இடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனியின் காம்பவுண்டு சுவர் போகிறது. நான் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறேன். அம்மாவும் நானும் என் மகனும் படப்பையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் குரல் அக்கா குரல் மாதிரியே இருக்கிறது என்று சர்ச்சில் சொல்கிறார்கள். அந்த ரெண்டு வரியை நான் வீட்டில் பாடியதில்லை. அம்மாவும் பாடச் சொன்னதில்லை.

டிவியில் கூல்டிரிங்ஸ் விளம்பரம் வந்தால் என் மகன் ரிமோட்டை எடுப்பான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"நிறுத்தாதடா. பாடி முடிக்கட்டும்."