அவசரப்பட்டுத் திறந்த குழாய்

ஆறேழு வருடங்களுக்கு முன், ஒரு நோன்பு மாதத்தில், பல்கலைக்கழக இரசாயன ஆய்வுகூடத்தில் நடந்தது இது. இறுதி வருட ஆய்வை நானும் பாண்டிருப்புத் தோழி ஒருத்தியும் சேர்ந்து செய்தோம். மூலிகை இலைச் சாற்றில் இருக்கும் பொருள்களைப் பிரித்தெடுக்க வேண்டும். சிலிக்காத் தூள் நிரப்பிய நீளக் கண்ணாடிக் குழாய்க்குள் சாற்றை விட்டு, மேலிருந்து கரைப்பானை ஊற்றினால், மஞ்சள் முதலில் இறங்கும், பச்சை பின்னால் வரும். ஆனால் குழாயின் அடியில் உள்ள திருகைக் கொஞ்சமாகத் திறந்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பொறுமை இல்லாதவளுக்கு ஏற்ற வேலையே அல்ல அது, நானோ அந்த விடயத்தில் பெயர் போனவள்.

அன்று தோழி நூலகத்துக்குப் போகும்போது, "குழாயக் கூடுதலாத் திறந்திராத கா, சாறு இவ்வளவுதான் மிச்சம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அறிக்கை கொடுக்க ஒரு கிழமைதான் இருந்தது. எனக்கோ நாலரை பஸ்ஸைப் பிடித்தால்தான் கல்முனையில் வீட்டாரோடு நோன்பு திறக்கலாம். குழாயை நன்றாகத் திறந்துவிட்டேன். அதுவும் போதாமல், பொருள்களை வேகமாக இறக்கும் கடுமையான கரைப்பானையும் ஊற்றினேன். கண்ணுக்கு முன்னாலேயே மஞ்சளும் பச்சையும் ஒன்றாகக் கலந்து முகவைக்குள் விழுந்தன.

தோழி திரும்பி வந்ததும், "சிலிக்கா சரியில்ல போல" என்று நோன்போடு பொய் சொன்னேன். அவள் குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பஸ் போயிரும், நீ போ" என்றாள். நான் பஸ்ஸைப் பிடித்துப் போய் உம்மாவோடு நோன்பு திறந்தேன்.

மறுநாள் போனபோது, கலந்துபோன சாற்றை மீண்டும் பிரிப்பதற்காக அதன் கரைப்பானை ஆவியாக்கி, புதிதாகச் சிலிக்காவும் நிரப்பி வைத்திருந்தாள். பின்னேரம் திடீரென்று ஆளைக் காணவில்லை. என்னோடு இருக்கப் பிடிக்காமல் போய்விட்டாள் என்றே நினைத்தேன். அசர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் தூக்குவாளியோடு வந்தாள். பள்ளிவாசலில் கஞ்சி கொடுக்கும் இடத்தில் பொட்டோடு போய் நின்றிருக்கிறாள்.

"கஞ்சியும் ஈச்சம்பழமும் இரிக்கி. நீ சுணங்கித்தான் வருவா எண்டு உம்மாக்கிட்டயும் போன்ல கதைச்சிட்டன். இனி நீ எங்க ஓடப் போறா? ஆறுதலாச் சொட்டுச் சொட்டா உடு."

"நேத்து நான்தான் குழாயத் திறந்த" என்றேன்.

"தெரியும் கா. சொட்ட எண்ணு."

நோன்பு திறக்கும் நேரத்து மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன், மஞ்சள் மட்டும் தனியாகச் சோதனைக்குழாய்க்குள் விழுந்தது. பச்சை இன்னும் மேலேயே நின்றது. குழாயைப் பூட்டிவிட்டு வெளிப்படியில் இருந்துகொண்டு நோன்பு திறந்தேன். அவளும் ஒரு கோப்பை குடித்தாள், உப்புக் குறைவு என்று குறையும் சொன்னாள்.

பட்டம் முடித்த கையோடு அவள் வெளிநாடு போனாள். கொஞ்ச நாள் கதைத்தோம், பிறகு அவளுடைய இலக்கம் மாறிவிட்டது. யாரிடம் கேட்டும் கிடைக்கவில்லை. எனக்கு அவளைச் சரியாகத் தேடுகிறது, ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்போல இருக்கிறது. என் பிழை தெரிந்தும் அதை என் வாயால் சொல்லும்வரை காத்திருந்த ஒருத்தியை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.