கேட்காமல் விட்ட குரல்

திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகிக் கரமனைக்கு வந்த புதிதில், எங்கள் தெருச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். எல்லாம் மலையாள எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது. குழுவை அன்றைக்கே ம்யூட்டில் போட்டேன். பிறகு திறக்கவே இல்லை.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் காலையில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எரிச்சலோடு வாளியை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் இருக்கும் சங்கச் செயலாளர் லதா சேச்சியிடம் போனேன்.

"ரெண்டு நாள் குழாயில வெள்ளம் வராதுன்னு குழுவில நேத்தே சொன்னேனே மோளே, கேக்கலியா?" என்றபடி வாளியை நிறைத்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்து குழுவைத் திறந்தேன். ஒவ்வொரு மலையாள அறிவிப்புக்குக் கீழேயும் சேச்சியின் குரல் பதிவு ஒன்று, தடுமாறும் தமிழில் இருந்தது. அந்தத் தெருவில் மலையாளம் வாசிக்கத் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

ஓணத்தன்று மட்டும் இரண்டு பதிவுகள். முதலாவது, விருந்துக்கு அழைப்பு. இரண்டாவது, மதியம் மூன்று மணிக்கு: "எல்லாரும் சாப்பிட்டாச்சு மோளே. உன் இலையை எடுக்கல. வா."

அந்த மூன்று மணிக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு, "இந்த ஊர்ல ஒருத்தர்கூட என்னைக் கூப்பிடலம்மா" என்று ஃபோனில் அழுதுகொண்டிருந்தேன்.

இந்த ஓணத்துக்கு, பந்தியில் இலை போட்டது நான்தான்.