மகள் மாற்றிச் சொன்ன பதில்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதக் காலையில், இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு பெரிய வைத்தியசாலையின் இரண்டாம் மாடியில் இது நடந்தது. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. மகளுக்குப் பதினைந்து.

அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பிருந்தே எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. சோறு நெஞ்சுக்கு நடுவில் வந்து நின்றுவிடும். தண்ணீர் குடித்துத் தள்ளவேண்டும், எழும்பி நின்று முதுகை நிமிர்த்தவேண்டும். சில நேரம் அதற்கும் மசியாது. உண்டது அப்படியே வாய்க்குத் திரும்பிவிடும். சிலர் வாய்வு என்றார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்கா தொலைபேசியில், “நீ கனக்க யோசிக்கிறாய், அதுதான்” என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இந்தக் கூத்தை வைத்துக்கொண்டு யார் முன்னால் சாப்பிடுவது? பகலில் நான் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியப் பெண்மணியின், வீட்டில் சமைத்து, துப்புரவு செய்கிறேன். பின்னேரம் சீசா என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும், “நான் வேலை வீட்டிலை சாப்பிட்டிட்டன்” என்று மனைவியிடம் சொல்லிவிடுவேன். அவளும் மகளும் மேசையில் இருக்கும் நேரம் பார்த்துக் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவேன். எங்கள் வீடு முதலாம் மாடி. அவர்கள் கதைத்துச் சிரிப்பது ஜன்னல் வழியாகக் கீழே கேட்கும். பசி பழகிவிட்டது. அவர்களோடு இருந்து ஒரு பிடி சாப்பிடவேண்டும் என்ற ஆசை மட்டும் பழகவே இல்லை.

இடையில் பிரான்காச்சோ பகுதியில் ஒரு மண்டபம் எடுத்து, மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு செய்தோம். நான் அன்று முழுக்க வாளியும் கரண்டியுமாக ஓடி ஓடிப் பரிமாறினேன். தகப்பன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று வந்தவர்கள் மெச்சினார்கள். மகளுக்குப் பக்கத்தில் எனக்கென்று போட்ட கதிரையில் நான் கடைசிவரை உட்காரவில்லை.

காற்சட்டை இடுப்பில் நிற்காத நிலை வந்தபோது சிஞ்ஞோராதான் பிடிவாதம் பிடித்து என்னை வைத்தியரிடம் அனுப்பினார். பெரிய வைத்தியசாலையில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, படுக்கவைத்து, பத்துத் தரம் ஒவ்வொரு மிடறு தண்ணீர் விழுங்கச் சொன்னார்கள். எனக்குள்ளே நடப்பது கணினித் திரையில் நிறம் நிறமாக ஓடியது. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை, விழுங்கும்போது திறக்காமல் இறுகியே நிற்கிறதாம். அக்கலாசியா என்று பெயர். அந்த நோயைப் பற்றி அங்கே ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதில் சேர என்னையும் கேட்டார்கள். நான் சம்மதித்தேன்.

அந்த மாசி மாதக் காலையில் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போயிருந்தேன். என் இத்தாலிய மொழி சமையலறைக்குத்தான் போதும். அதனால் மகள் பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பதில்களையும் பார்த்துத்தான் உடனே சிகிச்சை செய்வதா, மருந்தோடு கொஞ்ச நாள் பொறுப்பதா என்று முடிவெடுப்போம் என்று ஆய்வை நடத்திய பெண் வைத்தியர் சொல்லியிருந்தார். எனக்குப் பயம். சிகிச்சை என்றால் லீவு எடுக்கவேண்டும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ, அதுதான் எங்கள் வதிவிட அனுமதி, புதுப்பிப்பது சிக்கலாகிவிடும். ஆகவே எல்லாவற்றையும் குறைத்தே சொன்னேன். சில வேளை. எப்போதாவது. பெரிதாக இல்லை.

மகள் அடுத்த கேள்வியை வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னாள். “மற்ற ஆக்களோட இருந்து சாப்பிடுறதைத் தவிர்க்கிறனீங்களோ எண்டு கேக்கினம், அப்பா.”

“இல்லையெண்டு சொல்லு பிள்ளை.”

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வைத்தியரிடம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னாள். “செம்ப்ரே.”

எப்போதும் என்று அர்த்தம். அந்த அளவு இத்தாலிய மொழி எனக்கும் தெரியும்.

வைத்தியர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பேனையை மேசையில் வைத்தார். உங்கள் பதிலை நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றார். “ஓம், எப்பவும்தான்” என்றேன். அதை மொழிபெயர்க்கும்போது மகளின் குரல் உடைந்தது.

வைத்தியர் மெதுவாக ஏதோ விளக்கினார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “அந்தத் தசை ஏன் திறக்குதில்லை எண்டு தங்களுக்கும் இன்னும் வடிவாய்த் தெரியாதாம். அதுதான் உங்களைப் போல ஆக்களிட்டைக் கேக்கினமாம். நீங்கள் யோசிச்சதாலை வந்த வருத்தம் இல்லையாம், அப்பா.”

முதல் கேள்வியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன், இம்முறை உள்ளபடி.

திரும்பும்போது ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்தின் முன்னால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். அங்கேதான் அவள் கேட்டாள். “சாமத்திய வீட்டிலையும் நீங்கள் எனக்குப் பக்கத்திலை இருக்கேல்லை. உங்களுக்கு என்னோட இருக்க விருப்பமில்லை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான். இதாலையோ அப்பா?”

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

ஒரு மாதத்தில் சிகிச்சைக்குக் கூப்பிட்டார்கள். வாய் வழியாகக் குழாயை விட்டு, இறுகிய தசையைப் பலூனால் விரித்தார்கள். இரண்டு தரம் செய்யவேண்டி வந்தது. நான் பயந்ததுபோல வேலை ஒன்றும் போகவில்லை. நான் திரும்பி வரும்வரை சிஞ்ஞோரா தன்னுடைய மகளின் வீட்டில் இருந்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி குழையவிட்ட சோறும் பருப்பும் வைத்தாள். நான் மேசையில் உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் இறங்கியது. முக்கால் மணித்தியாலம் எடுத்தது. தான் சாப்பிட்ட கோப்பை காய்ந்த பிறகும் மகள் எழும்பாமல் பக்கத்தில் இருந்தாள். நான் மற்றவர்களின் வேகத்தில் சாப்பிடத் தொடங்கும்வரை, அப்படி ஒன்றரை வருடம் இருந்தாள்.

இப்போது அவள் வடக்கே ஒரு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வருடத்தில் இரண்டு தரம் வருவாள். நான் இப்போது கிட்டத்தட்ட எல்லாம் சாப்பிடுகிறேன், பாண், அதுதான் ரொட்டி, மட்டும் தொண்டையில் கொஞ்சம் சண்டை பிடிக்கும். நல்ல மீன் குழம்பு வைத்த நாட்களில், அவள் பதின்மூன்று வயதில், பதினான்கு வயதில் அந்த மேசையில் என்னென்ன கதைத்திருப்பாள் என்று நினைப்பேன். அது எனக்கு இனிக் கிடைக்காது. என் நோயை மட்டும்தான் ஒளித்துவைத்தேன் என்று அப்போது நினைத்தேன். என் பிள்ளையிடமிருந்து அவளுடைய அப்பாவையும் சேர்த்தே ஒளித்துவைத்திருந்தேன் என்பது, அவளுக்காக ஏங்கும் இந்த நாட்களில்தான் முழுவதுமாக விளங்குகிறது.