புல்லோரம் ஏறிய நீலக் கார்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். அளவுச் சீட்டு தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவும் மாட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் கார்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் அவற்றைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அருப்புக்கோட்டையில் வீட்டிலேயே நைட்டி தைக்கிறேன். கணவர் நூல் மில்லில் ஷிப்டு வேலை. என் தம்பி வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறான். போன முறை இரண்டு மாத லீவில் வந்தபோது ஒரு கேம் பெட்டியும், ஸ்டீயரிங்கும், காலால் அமுக்க இரண்டு மிதியும் கொண்டுவந்தான். அவன் வீடு திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பெரிய டிவி எங்களிடம் இருந்ததால் பெட்டியோடு அவனும் இங்கே வந்து தங்கினான்.

ஒரு நாள் மதியம், “சும்மா உக்காருக்கா, ஒன்னும் கடிக்காது” என்றான். மிதி தரையில் வழுக்கியதால் அதற்குப் பின்னால் அம்மிக்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் வளைவில் புளியமரம் போல ஒன்றில் மோதினேன். நாலாவது நாள் மோதவில்லை. இரண்டாவது வாரம் தம்பி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏக்கா, அதெப்படி காலு அப்படியே பாதியில நிக்குது?”

இருபது வருடமாக மோட்டார் தையல் மிஷினை மிதிக்கிற கால் அது. கழுத்து வளைவில் முழுக்க அமுக்கினால் துணி இழுத்துக்கொள்ளும், விட்டுவிட்டால் தையல் நின்றுவிடும், அதனால் பாதி அமுக்கத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். கண்ணும் ஊசியைப் பார்க்கக் கூடாது, அடுத்து வரப்போகிற துணியைப் பார்க்க வேண்டும். வளைவில் கார் ஓட்டுவதும் இதே வேலைதான். தம்பியோ மிதியைத் தரையோடு ஒட்ட அமுக்குவான், இல்லாவிட்டால் காலை எடுத்துவிடுவான்.

எனக்குப் பிடித்தவை காட்டுப்பாதைப் பந்தயத்தில் இருந்து வந்த கார்கள். அந்தப் பந்தயத்தில் ஓட வேண்டுமானால் அதே காரைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும் என்று ஒரு காலத்தில் விதி இருந்ததாம். அதனால் அவை பார்க்கக் குடும்பக் கார் மாதிரி இருக்கும். நாலு கதவு, பின்னால் சாமான் வைக்க இடம். எஞ்சின் மூடியில் மட்டும் மூச்சு விட ஒரு திறப்பும், பின்புறம் அகலமாக ஒரு பலகையும் இருக்கும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். காலை எடுத்தால் புகைக்குழாயில் சோளப்பொரி வெடிக்கிற சத்தம் வரும்.

அவற்றில் ஒரு நீலக் காரை நான் எடுத்துக்கொண்டேன். அமுக்கியதும் அது போகாது. ஒரு மூச்சு கழித்து மொத்தமாகத் தள்ளும். தம்பி இதற்கு அதைத் திட்டுவான். என் தையல் மிஷினின் பழைய மோட்டாரும் அப்படித்தான் பிடிக்கும் என்பதால், வளைவு முடிவதற்கு முன்பே அமுக்கிவிடுவேன். நேர் பாதைக்கு வரும்போது காருக்கும் வேகம் வந்திருக்கும்.

தம்பிக்குப் பிடித்தது கண்காட்சிக்கென்று செய்த கார்கள். கதவு இறக்கை மாதிரி மேலே எழும்பும். பக்கக் கண்ணாடி இல்லை, கைப்பிடி இல்லை. உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும், கடையில் கிடைக்காது. சிலது மேடையில் நின்றதோடு சரி, ரோட்டுக்கே வந்ததில்லை என்று அவனே சொன்னான். ஜவுளிக்கடை வாசலில் பொம்மைக்கு மாட்டிய ரவிக்கைதான் எனக்கு நினைவு வந்தது. முன்னால் கச்சிதமாக நிற்கும். பின்னால் போய்ப் பார்த்தால் குண்டூசி. ஆனால் இந்த விளையாட்டில் அதையும் ஓட்டலாம். ஓடாத காருக்கு யாரோ உட்கார்ந்து ஒரு சத்தம் யோசித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருந்தது.

லீவு முடிந்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் மதியம் தம்பி துணிகளை எடுத்து வைத்தான், கேம் பெட்டிக்கும் பையில் இடம் விட்டான். அது இங்கேயே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தையலுக்கு அடுத்து எனக்கு நன்றாக வருகிற ஒரே வேலை அது. கேட்கத்தான் நாக்கு எழவில்லை.

கணவர் விளையாட்டாக, “மாப்ள, அத இங்கன விட்டுட்டுப் போங்க. இல்லன்னா உங்கக்கா மிஷின்லயே பந்தயம் ஓட்டுவா” என்றார்.

“நான் ஓட்டுற டைம முந்தச் சொல்லுங்க மச்சான், வச்சுக்கிடட்டும். மழைப் பாதை. ஒரே ஓட்டம்.”

அவன் முதலில் ஓட்டினான். நாலு நிமிடம் இருபது விநாடி. பிறகு நான் உட்கார்ந்தேன். திரையில் மழை கொட்டியது, பாதை சேறாக இருந்தது. கொஞ்சமும் யோசிக்காமல் நீலக் காரின் இடது சக்கரங்களைப் புல்லோரம் ஏற்றினேன். கரிசல் காட்டில் மொபெட் ஓட்டுகிற யாரும் அதைத்தான் செய்வார்கள். மழை பெய்தால் நடுப்பாதை மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டு வரை அடைத்து, வண்டியை நிறுத்திவிடும். ஓரத்துப் புல்தான் கைகொடுக்கும். தைத்த துணியை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்த காலத்தில் என் கைக்கு வந்த பழக்கம் அது.

நாலு நிமிடம் பதினேழில் வந்துவிட்டேன். ஆனால் திரை சிவப்பாகி, பாதையை விட்டு விலகியதற்குப் பத்து விநாடி சேர்த்துக்கொண்டது.

தம்பி கை தட்டினான். “அக்கா, இது பந்தயம். வீரசோழன் ரோட்டுல நைட்டி கொடுக்கப் போறியா?”

கணவரும் சிரித்தார். தம்பி எழுந்து வயரைக் கழற்றக் கை நீட்டினான். வழக்கமாக நான் அப்போது அடுப்படிக்குப் போயிருப்பேன். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

“ஏலே, கைய எடு. இன்னொரு ஓட்டம்.”

“ஒரே ஓட்டம்னுதான பேச்சு?”

“பேசுனது நீயும் உங்க மச்சானும். என்னைய யாரு கேட்டா?”

தம்பி கணவரைப் பார்த்தான். கணவர், “எனக்கே இப்பத்தான் தெரியுது மாப்ள, இவளுக்கு இவ்ளோ பேச்சு வரும்னு” என்றார். தம்பி கையை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான்.

இந்த முறை நடுவிலேயே போனேன். கை ஓரத்துக்கு இழுத்தது. இழுக்கும்போதெல்லாம், இது நம்ம மண் இல்லை, சக்கரத்தில் ஒட்டாது என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். உண்மையிலேயே ஒட்டவில்லை, வழுக்கியது. வழுக்குகிற பக்கம் போகட்டும் என்று விட்டு, காலைப் பாதியில் நிறுத்தினேன். கடைசி இறக்கத்தில் மூன்று வளைவு, நைட்டிக் கழுத்தில் நெளி பட்டி வைக்கிற மாதிரி அடுத்தடுத்து வந்தது. மூன்றிலும் முடிவதற்கு முன்பே அமுக்கினேன். மூன்றிலும் ஒரு மூச்சு கழித்து நீலக் கார் தள்ளியது.

நாலு நிமிடம் பத்தொன்பது. சிவப்பு வரவில்லை.

தம்பி பையில் விட்டிருந்த இடத்தைத் துண்டு வைத்து நிரப்பினான்.

“இறக்கை வச்ச காரு ஒன்னு எடுக்க கேம்ல பாதி பாயிண்டு சேத்து வச்சிருக்கேன். அத மட்டும் அழிச்சுப்புடாதக்கா.”

“அழிக்க மாட்டேன். அந்தக் கார ஓட்டவும் மாட்டேன்” என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி பஸ்ஸில் தம்பி மதுரைக்குப் போனான். நான் பன்னிரண்டு நைட்டிக்குக் கழுத்து வைத்தேன். மதியம் நீலக் காரை எடுத்தேன். திரையில் மழை இல்லை.