மலையைச் சுற்றி ஒருவர், மலைமேல் ஒருவர்

"அந்த அவல் தட்டைக் கொஞ்சம் நகர்த்து" என்கிறார் பத்மாகர் பெண்ட்சே. மனைவி கை நீட்டுவதற்குள் அவரே நகர்த்தியும் விடுகிறார். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். நனைத்த நூலைச் சாலையின் வளைவுகளில் படியப் படிய ஒட்டிக்கொண்டே போகிறார். பிறகு நூலை எடுத்து அளவுகோலில் நீட்டிப் பார்க்கிறார். "பதினாறு கிலோமீட்டர். ரெண்டு மணி நேரம். கச்சிதம்." கைபேசியில் தட்டினால் நொடியில் வந்துவிடுமே என்று சொல்லிப் பாருங்கள். "அதுக்கு ஓடத் தெரியுமா?" என்பார். நூலுக்கு மட்டும் தெரியுமாக்கும் என்று திருப்பிக் கேட்கும் தைரியம் புனேயில் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் எதிரே உட்கார்ந்து அவல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மனைவி அனகா.

பெண்ட்சே ஓடுகிறவர். அனகா மலை ஏறுகிறவர். கல்யாணமான புதிதில் ஒன்றாகப் போய்ப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பெண்ட்சேவுக்கு மெதுவாக நடக்க வராது. அனகாவோ பஸ் கிளம்பினால்கூட ஓடமாட்டார். அதனால் தீபாவளி விடுமுறைக்கு ஊர் தேடுவதில் பெண்ட்சே ஒரு விதி வைத்தார். மலையின் காலடியைச் சுற்றித் தார்ச்சாலை இருக்க வேண்டும். அதே மலையின் தலைக்கு மேலே ஒற்றையடிப் பாதை இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் பிரிந்து, மறுபக்கம் ஒரே டீக்கடையில் போய்ச் சேர வேண்டும். இவர் பதினாறு ஓடி வருவதற்கும் அனகா ஆறு கிலோமீட்டர் ஏறி இறங்குவதற்கும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். பெண் பார்ப்பவர்கள்கூட இத்தனை பொருத்தம் பார்க்கமாட்டார்கள்! முப்பது வருடமாகப் பேருந்துக் கழகத்தில் நேர அட்டவணை போடுகிறவர் வேறு எப்படி இருப்பார்?

வரைபடம் முடிந்தால் தொலைபேசி. அந்தந்த ஊர் டீக்கடைக்காரரின் எண்ணை எப்படியோ பிடித்துவிடுவார். "சாலையில நாய் எத்தனை? கடிக்குமா, குரைக்கிறதோட சரியா? மணல் லாரி எத்தனை மணிக்கு வரும்?" எதிர்முனையில் இருப்பவர் பாவம், கடைக்கு வந்தவர்களை விட்டுவிட்டு நாய்களை எண்ணிக்கொண்டிருப்பார்.

இப்படி இருபத்திரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. போன வருடம்தான் சறுக்கியது. வேல்ஹே பக்கம் ஒரு மலை. மழை முடிந்து புல் இடுப்பளவு நின்றது; தீபாவளி கழித்துத்தான் வெட்டுவார்கள். நூலுக்குப் புல் தெரியாது. இவரும் நாய்களைப் பற்றி விசாரித்தாரே தவிர, பாதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. புல்லுக்குள் கிடந்த கல் உருண்டு, இறக்கத்தில் அனகாவின் கணுக்கால் மடங்கிவிட்டது. கீழே ஞானோபாவின் டீக்கடையில் பெண்ட்சே மூன்றாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். மாடு மேய்க்கும் பெண் ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி மனைவி வந்து சேர்ந்தபோது, அவர் கண் முதலில் கடிகாரத்துக்குத்தான் போனது. "ஒரு மணி நாப்பது நிமிஷம் லேட்டு" என்றார். சொன்ன பிறகுதான் காலைப் பார்த்தார்.

அனகா அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. புனே வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இந்த வருடம் தசரா முடிந்ததும் வரைபடம் விரிந்தது. "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று அனகா சொல்லிவிட்டார். கால் எப்போதோ சரியாகிவிட்டது. பிரச்சினை கால் இல்லை. பெண்ட்சேவுக்கு அது நன்றாகவே தெரியும். ஒரு வாரம் விதவிதமான ஊர்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கடைசியில் மேடு பள்ளமே இல்லாத ஒரு கடற்கரை.

அனகா அவல் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏங்க, நான் விழுந்ததுக்கு மலையைத் தூக்கிட்டீங்களா? விழுந்தது எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு மணி நேரம் புல்லுக்குள்ள உக்காந்து, இதோ வந்துருவாரு, இதோ வந்துருவாருன்னு பார்த்துட்டிருந்தேன். நீங்க டீ குடிச்சிட்டிருந்தீங்க."

பெண்ட்சே வரைபடத்தை மடித்தார்; அது ஏறுமாறாக மடிந்தது. அப்படி அவர் வீட்டில் எதுவும் மடிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், யாரிடமும் சொல்லாமல் வேல்ஹே பஸ் ஏறினார். மனைவி நடந்த பாதையில் தனியாக ஏறி இறங்கினார். விதி வைத்த நாளிலிருந்து அனகாவின் பாதை ஒன்றில் அவர் கால் வைத்தது அன்றுதான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவளுக்குப் போட்ட இரண்டு மணிக் கணக்கில் மூச்சு வாங்க ஒரு நிமிடம்கூட விடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. இத்தனை வருடமும் அவள் எப்படித்தான் நேரத்துக்கு வந்து நின்றாள்?

கீழே கடையில் ஞானோபாவிடம் கேட்டார். "பாதையில புல் எப்ப வெட்டுவீங்க?"

"அடேயப்பா! சாஹேப் நாயை விட்டுட்டுப் புல்லுக்கு வந்துட்டாரே!" என்று சிரித்தார் ஞானோபா. "தீபாவளி கழிச்சுப் பத்து நாள் விட்டு வாங்க. வஹினிக்குப் பாதை மொழுமொழுன்னு இருக்கும்." வஹினி என்றால் அண்ணி; அனகாவைத்தான் சொல்கிறார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அனகா சக்லி முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. "மூணு மணி நேரமா? உங்களுக்கா?" என்றார். இன்னொரு சுற்று பிழிந்துவிட்டு, "வேற ஊர் தேட வேண்டாம். அதே மலை" என்றார்.

ஞானோபா சொன்னபடி, புல் வெட்டிய பிறகு போனார்கள். பிரிகிற இடத்தில் அனகா திரும்பிப் பார்க்காமல் ஏறினார். பெண்ட்சே சாலையைச் சுற்றி ஓடி முடித்துக் கடைக்கு வந்தபோது ஞானோபா டீயை நீட்டினார். "உக்காருங்க சாஹேப், வஹினி வர இன்னும் நேரம் கெடக்கு."

"நீயே குடி" என்று சொல்லிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட மலைப்பாதையில் ஏறினார்.

முக்கால் மணி நேர ஏற்றத்தில் ஒரு பாறை. அனகா அதில் உட்கார்ந்து சக்லி கடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, இரைக்க இரைக்க வந்து நின்ற கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன, விழுந்துட்டேனான்னு பார்க்க வந்தீங்களா?"

"இல்ல... சும்மாதான்."

அனகா மடியில் இருந்த சக்லிப் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாறையில் அவருக்கும் இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.