அவள் பெயரில் போன டிராயிங்

பொற்கொடிக்கு வந்த மெமோவில் மூன்றே வரி. பிராக்கெட் டிராயிங்கை ஒப்புதல் இல்லாமல் ரிலீஸ் செய்தது ஏன் என்று இரண்டு நாளில் எழுத்தில் விளக்க வேண்டுமாம். படித்து முடித்ததும் காது மடல் வரை சூடேறிவிட்டது. அந்த டிராயிங் ரிலீசான வியாழக்கிழமை அவள் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில், கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்த மாமியாரின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

ஓசூர் சிப்காட்டில் அந்தத் தொழிற்சாலையின் டிராயிங் ரூம் பத்தொன்பது வருஷமாக அவள் கையில். காகிதக் காலத்தில் புது டிராயிங் வந்தால் மெஷினுக்கு மெஷின் நடந்துபோய், பழையது கைக்கு வரும்வரை அங்கிருந்து நகரமாட்டாள். பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போயிற்று. எந்தப் பொருளுக்கு எந்த டிராயிங், எத்தனையாவது மாற்றம், யார் சம்மதித்தது என்று எல்லாம் அதில் இருக்கும். அதிகாரி சம்மதம் சொன்ன பிறகு அவள் ரிலீஸ் பட்டனை அழுத்தினால், அடுத்த நிமிஷமே புது அளவு மெஷின் பக்கத்துத் திரையிலும் வெளியே வேலை எடுத்துச் செய்பவர்களிடமும் போய் நிற்கும்.

ஆனால் அந்த சிஸ்டத்துக்குக் கம்பெனி வாங்கியது ஐந்து பேருக்கான லைசென்ஸ். டிசைனில் மட்டும் இருபது பேர். அவள் சாப்பிடப் போனாலும் வேலை நிற்கக்கூடாதென்று மேனேஜர் விமல்ராஜ் ஒரு வழி சொன்னார். அவள் ஐடியை எல்லோரும் போட்டுக்கொள்ளலாம். அன்றிலிருந்து பாஸ்வேர்டு ஒரு துண்டுச் சீட்டில் மானிட்டரில் ஒட்டிக்கொண்டிருந்தது, டிசைன் ரூம் பொதுச் சாவி மாதிரி.

அந்த வியாழக்கிழமை பிராக்கெட்டின் போல்ட் துளையைப் பெரிதாக்கி எட்டரை மில்லி என்று சோதனைக்கு மட்டும் வைத்திருந்த டிராயிங்கை, பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் டிசைன் ரூம் பையன் ஹரீஷ்குமார் அவள் ஐடியில் ரிலீஸ் செய்துவிட்டான். நாலாயிரம் பிராக்கெட் போல்ட் நிற்காமல் லொடலொடவென்று திரும்பி வந்தன. திரையில் பொற்கொடியின் பெயர். ஹரீஷ்குமார் இரண்டு நாளாக அவள் கண்ணில் படாமல் வேறு வாசல் வழியாகப் போய் வந்தான்.

விமல்ராஜ் கூப்பிட்டு நயமாகத்தான் பேசினார். தவறுதலாக நடந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எச்சரிக்கையோடு முடித்துவிடலாமாம். அந்த எச்சரிக்கை ஃபைலில் ஏறினால், ஆள் குறைக்கும்போது முதலில் எடுக்கும் பெயர் எதுவென்று அவளுக்குத் தெரியாதா?

வீட்டில் கணவன் பூபதியும் அதையே சொன்னான். கம்பெனி பஸ் ஓட்டுகிறவனுக்கு மேனேஜரோடு முறைத்துக்கொள்வது பிடிக்கவில்லை.

"ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு வேலையப் பாப்பியா, அத வுட்டுட்டு..."

"உன் பஸ்ஸ எவனோ ஓட்டிட்டுப் போயி மோதிட்டு வந்தா நீ போடுவியா கையெழுத்து?"

பூபதி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அதற்குமேல் பாத்திரங்கள்தான் பேசின.

மறுநாள் எட்டு மணிக்கே போய் உட்கார்ந்து, தன் பெயரில் ரிலீசான அத்தனையையும் அச்செடுத்தாள். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றிலும் குறிப்புக்கு ஒரு கட்டம் உண்டு. யாரும் நிரப்பமாட்டார்கள். பழைய ரிஜிஸ்தர் பழக்கத்தில் இவள் மட்டும் 'விமல்ராஜ் சார் போனில் சொன்னது, காலை 10.20' என்று விடாமல் எழுதிவந்தாள். அக்கா டைரி எழுதுகிறார் என்று டிசைன் பிள்ளைகள் கேலி செய்ததுண்டு. இருநூற்றுப் பதினொன்றில் கட்டம் காலி, அவள் கை படாதவை. வியாழக்கிழமையதும் காலி. நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு ரிலீசில் அவளே தட்டிவைத்த வரி அழியாமல் நின்றது: 'இன்று முதல் என் ஐடியை டிசைனில் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று விமல்ராஜ் சார் சொன்னார்.' அந்த சிஸ்டத்தில் ஒருமுறை ஏறியதை மேனேஜராலும் அழிக்க முடியாது.

லீவு சீட்டையும் சேர்த்துப் பின் அடித்து, விமல்ராஜ் மேஜையில் வைத்தாள். அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு சிரிக்கப் பார்த்தார்.

"சரி வுடும்மா. மெமோவ நான் கிழிச்சிப் போட்டுர்றேன். மறந்துருவோம்."

"குடுக்கும்போது எழுத்துல குடுத்தீங்க சார். திரும்ப வாங்கறதும் எழுத்துல வாங்குங்க. இல்லன்னா இந்தக் கட்டு பிளான்ட் ஹெட் டேபிளுக்குப் போவும்."

அவர் முகம் சுருங்கியது. டைப் செய்து கொடுத்த கடிதத்தில் மெமோ திரும்பப் பெறப்படுகிறது என்று மட்டும் இருந்தது. அவள் திருப்பி நீட்டினாள்.

"அன்னிக்கு நான் லீவுன்னு போடுங்க. செஞ்சது நான் இல்லேன்னு போடுங்க."

"இவ்ளோ பிடிவாதம் ஆவாதும்மா."

அவள் உட்காரவில்லை. அவள் கேட்ட இரண்டும் இருந்த இரண்டாவது கடிதத்தை நின்றபடியே எழுத்தெழுத்தாகப் படித்து, மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஒரு வார்த்தை வருத்தம் அதில் இல்லை. அதைக் கேட்டு வாங்க அவளுக்கு மனமில்லை. இடத்துக்குத் திரும்பி மானிட்டரில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் கேன்டீனுக்கு நடந்தபோது, டிசைன் ரூமில் மூன்று டிராயிங்குகள் ரிலீசாக அவளுக்காகக் காத்துக்கிடந்தன. முழு அரைமணி நேரமும் மெதுவாக மென்று தின்றாள்.