மவுத்தைத் திருப்பின டொக்டர்

நம்மட ஊரில் ஒரு டொக்டரைப் பற்றி ரெண்டே ரெண்டு கேள்விதான் கேட்பார்கள். எதுக்குரிய டொக்டர்? பின்னேரத்தில் எங்க செனல் பார்க்கிறவர், அதாவது காசுக்குத் தனியாக நோயாளர் பார்க்கிறவர்? இந்த ரெண்டுக்கும் பதில் இல்லையென்றால் நீங்கள் எத்தனை வருஷம் கண் முழித்துப் படித்திருந்தாலும் சனம் "ஆ, அப்பிடியா" என்று சொல்லிவிட்டு வேற கதைக்குப் போய்விடும். சாய்ந்தமருது ஜெமீல் மாஸ்டரின் மகள் றாஹிலாவுக்கு ரெண்டுக்குமே பதில் இல்லை.

பட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. மட்டக்களப்பில் எம்.பி.பி.எஸ். முடித்தாள். கொழும்பில் அவசர மருத்துவத்தில் எம்.டி. எடுத்தாள். புருஷனையும் ரெண்டு பிள்ளைகளையும் உம்மாவிடம் பாரம் கொடுத்துவிட்டு ஒரு வருஷம் அவுஸ்திரேலியாவில் பயிற்சிக்கு நின்றாள். முப்பத்தொன்பது வயதில் நிபுணர் என்று கடிதம் கைக்கு வந்தது. கல்முனைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்து சேர்ந்தாள்.

வாப்பா அதற்கு முன்னமே ஆயத்தம். முன் விறாந்தையை அடைத்து அறை எடுத்து, நோயாளர் குந்த வாங்கு போட்டு, பெயர்ப்பலகையும் எழுதக் கொடுத்திருந்தார். பேரும் பட்டமும் எழுதியாயிற்று. அதற்குக் கீழே எதற்குரிய டொக்டர் என்று போட வேண்டும். நெஞ்சா, எலும்பா, சின்னப் பிள்ளைகளா என்று மகளிடம் கேட்டார்.

"எல்லாந்தான் வாப்பா. ஆனா முதல் ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும்" என்றாள் றாஹிலா.

மாஸ்டருக்கு இது தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. நாலு மணிக்கு நம்பர் துண்டோடு ஆக்கள் வரிசையாக இருப்பதைத்தான் அவர் ஆசைப்பட்டுக் காத்திருந்தார். மாரடைப்பும் மோட்டார் சைக்கிள் விபத்தும் நம்பர் எடுத்துக்கொண்டா வரும்? பலகை பாதி எழுதினபடி சுவரில் சாய்ந்து கிடந்தது. மாஸ்டரும் மகளோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் ரெண்டு கிழமை திரிந்தார்.

உண்மையில் றாஹிலாவின் வேலை வாசலில் நிற்கிற வேலை. வருகிற ஆளை ஒரே பார்வையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பாள். சிவப்பு உடனே உள்ளே போகும், பச்சை காத்திருக்கும். விரல் வெட்டுப்பட்டு வந்த ஒருத்தர், தனக்குப் பிறகு வந்தவனை எப்படி முந்திப் பார்க்கலாம் என்று ஒரு நாள் ஆஸ்பத்திரியையே தலைகீழாக்கிவிட்டார். முந்திப் பார்த்தவனுக்கு மூச்சே இல்லை என்பது அவருக்கு ஒரு காரணமாகப் படவில்லை. உயிரைப் பிடித்து வார்ட்டுக்கு அனுப்பிவிட்டால் அதற்குப் பிறகு நன்றியெல்லாம் வார்ட் டொக்டருக்குத்தான். இவளுடைய முகத்தை யாரும் ஞாபகம் வைப்பதில்லை. அது அவளுக்கு ஒரு வகையில் நிம்மதியாகவே இருந்தது.

அபுல் ஹஸன் வந்து அந்த நிம்மதியைக் கெடுத்தார்.

அவர் வரிப்பத்தான்சேனை விவசாயி. வேளாண்மை வெட்டுக் காலம். காலையிலிருந்து நெஞ்சில் வாய்வு என்று சோடா குடித்துப் பார்த்து, அதுக்கும் கேட்காமல், மச்சானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி வந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்ததும் சரிந்து விழுந்தார். நாடித்துடிப்பு இல்லை. தூக்கிக் கட்டிலில் போட்டு நெஞ்சை அமத்தத் தொடங்கினார்கள். நின்ற நெஞ்சு அடிக்கக் கரண்டும் வைத்தார்கள். மச்சான் கதவு இடுக்கால் எட்டிப் பார்த்தார். ஆள் நீலம் பாரித்துக் கிடந்தார். மச்சானுக்கு அது போதுமாயிருந்தது. வெளியே ஓடி வந்து போனை எடுத்தார்.

மவுத்து, அதுதான் சாவுச் செய்தி என்றால் நம்மட ஆக்களுக்கு வருகிற வேகம் வேறு எதற்கும் வராது. ஜனாஸாவை அடக்காமல் சுணக்கக் கூடாது என்பது மார்க்கம், சரி. ஆள் மவுத்தாகும் வரைக்கும் பொறுக்க வேண்டும் என்பதை மட்டும் அன்றைக்கு ஒருத்தரும் யோசிக்கவில்லை. பத்தே நிமிஷத்தில் அவர் ஊர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தாயிற்று, அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்று. வட்ஸ்அப்பில் படத்தோடு போயிற்று. மையவாடியில் கபுறுக் குழி வெட்ட ஆள் இறங்கிவிட்டார்கள். வீட்டில் அவர் மனைவி ஸகியாவுக்குப் பெண்கள் வெள்ளை உடுத்தி, புருஷனை இழந்தவள் இருக்கிற இத்தாவில் மூலையில் இருத்தியும்விட்டார்கள்.

அந்த நேரம் இங்கே, மூன்றாம் தடவை கரண்ட் வைத்ததில், அபுல் ஹஸனின் நெஞ்சு திரும்ப அடிக்கத் தொடங்கியிருந்தது.

றாஹிலா வேர்த்து ஒழுக வெளியே வந்து, ஆள் இருக்கிறார், மேல்சிகிச்சைக்கு அனுப்பப் போகிறோம் என்றபோது, மச்சான் மவுத்தான ஆளுக்கு உடுத்தவென்று யாரோ கொண்டு வந்து கொடுத்த கபன் துணிப் பார்சலை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முழித்தார். அதே பள்ளியில் அறிவித்தலுக்கு மறு அறிவித்தல் போட்டார்கள். வெட்டின கபுறை மூடினார்கள். ஸகியா அந்த வெள்ளையோடேயே வான் வண்டியில் ஏறி வந்து புருஷனைப் பார்த்தாள். பதினோராம் நாள் மனிசன் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்.

பிறகென்ன, ஊர் சும்மா இருக்குமா? படித்து எடுத்த பட்டங்களையெல்லாம் தள்ளி வைத்துவிட்டுத் தானே ஒன்றைச் சூட்டியது: மவுத்தைத் திருப்பின டொக்டர். மீன் சந்தையிலும் அதே கதை, பேஸ்புக்கிலும் அதே கதை. ஜெமீல் மாஸ்டர் பலகையை எடுத்துத் தூசு தட்டினார். றாஹிலாவுக்கும் முதல் நாலைந்து நாள் உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன். அதற்குப் பிறகு பயம் பிடித்தது. உயிரைக் கொடுக்கிறவனும் எடுக்கிறவனும் யார் என்று ஓதி வளர்ந்தவள் அவள். அப்படிச் சொல்லாதீங்க, குற்றம் என்று ஒவ்வொருத்தரிடமும் மன்றாடினாள். சனம் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு பிடி கூட்டிப் புகழ்ந்தது.

ரெண்டு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முர்ஷித் சேரைக் கொண்டு வந்தார்கள். கணக்குப் பாடம் படிப்பிக்கிறவர், நாற்பத்தெட்டு வயது. லீவு எடுத்து வீட்டில் நின்றவர் கிணற்றடியில் விழுந்து கிடந்தார். எவ்வளவு நேரம் கிடந்தார் என்று யாருக்கும் தெரியாது. உடம்பு ஏற்கெனவே குளிர்ந்திருந்தது. தொட்டவுடனே றாஹிலாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தொடங்கினார்கள். அரை மணித்தியாலத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். வெளியே நின்ற ஆக்கள் ஒருத்தருக்கொருத்தர், உள்ளுக்கு நிற்கிறது றாஹிலா டொக்டர், பயப்படாதீங்க என்று சொல்வது அவள் காதில் விழுந்தது. இன்னும் பதினைந்து நிமிஷம் செய்யச் சொன்னாள். அந்தப் பதினைந்து நிமிஷமும் முர்ஷித் சேருக்காக இல்லை, தன்னுடைய பேருக்காக என்பது செய்யும்போதே அவளுக்கு விளங்கியது. வெட்கமாயிருந்தது. பத்து நாற்பத்தைந்துக்கு நிறுத்தினாள்.

நிறுத்தின பிறகு அவள் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தாள். வீட்டாரிடம் தான் போகாமல், தனக்குக் கீழே வேலை பார்க்கிற சின்ன டொக்டர் அஸ்பியாவை அனுப்பினாள். கொழும்பில் பரீட்சையில் இதற்கென்றே ஒரு பகுதி இருந்தது. மரணச் செய்தியை எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும், எந்தச் சொல்லுக்குள் ஒளியக் கூடாது என்று. அழுது நடித்த ஒரு பெண்ணிடம் இங்கிலீசில் சொல்லி முழுப் புள்ளி எடுத்தவள்தான் இவள். ஆனால் அது இங்கிலீசு. எதிரில் இருந்தவளும் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்தவள்.

பாவம் அஸ்பியா, இருபத்தேழு வயதுப் பிள்ளை, அவளுக்கும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. எங்களால ஏலுமானதெல்லாம் செய்தம், நிலைமை கஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். கேட்டவர்களுக்கு அது வேறு மாதிரிப் பட்டது. கஷ்டமென்றால் இன்னும் நடக்கிறது என்றுதானே கருத்து? அபுல் ஹஸனுக்கும் கஷ்டமாகத்தானே இருந்தது?

பன்னிரண்டு மணி ஆயிற்று. யாரும் ஜனாஸாவைக் கேட்டு வரவில்லை. பள்ளியில் அறிவித்தல் இல்லை. வேறு நாளென்றால் இதற்குள் கபுறு பாதி வெட்டியிருப்பார்கள். தாதி மிஸ் மெல்ல வந்து, டொக்டர், அவங்க இன்னும் காத்துக்கொண்டு இருக்காங்க, போன தடவை பள்ளியில் அவசரப்பட்டது பிழையாம், இந்த முறை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது என்று பேசி வைத்திருக்காங்க என்றாள். வாசலில் நிற்கிற டொக்டர் வாசலைத் தாண்டப் பயந்ததால் ஒரு குடும்பம் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக இல்லாத உயிருக்குக் காவல் இருக்கிறது. றாஹிலா எழும்பிப் போனாள்.

முர்ஷித் சேரின் மனைவி ஸுஹைறா நடைபாதை வாங்கில் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி இருந்தாள். றாஹிலாவைக் கண்டதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, அதை இனி ஒருநாளும் மறக்க முடியாது என்று றாஹிலாவுக்குத் தோன்றியது.

"அவசரமில்ல டொக்டர்" என்றாள் ஸுஹைறா. "நீங்க ஆறுதலாப் பாருங்க. நாங்க பள்ளிக்கும் சொல்லல்ல, ஆருக்குஞ் சொல்லல்ல."

றாஹிலா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். தன்னை விட ஏழெட்டு வயது மூத்தவள், அதனால் ஊர் முறைப்படி அக்காவைக் கூப்பிடுகிற மாதிரியே தாத்தா என்று கூப்பிட்டாள்.

"தாத்தா, முர்ஷித் சேர் மவுத்தாகிட்டார்."

மணி உருள்வது நின்றது. சொல்லிவிட்டு எழும்பி ஓட வேண்டும் போல் இருந்தது றாஹிலாவுக்கு. ஓடவில்லை. ஸுஹைறா அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"வரிப்பத்தான்சேனை மனிசனையும் மவுத்தெண்டுதானே சொன்னாங்க."

"அது ஊர் சொன்னது தாத்தா. நான் சொல்லல்ல. அவர் மவுத்தாகவேயில்ல, அவர நான் திருப்பவுமில்ல. முர்ஷித் சேர நான் சொல்றன். கொண்டு வரக்குள்ளயே உயிர் இல்ல. ஒரு மணித்தியாலத்துக்கு முந்தியே நான் வந்து சொல்லியிருக்கோணும். சொல்ல எனக்குப் பயமாப் போச்சு. என்ன மன்னிச்சுக்கோங்க."

நடைபாதையில் நின்ற ஆக்களில் யாரோ "இன்னாலில்லாஹி" என்று மெதுவாகச் சொன்னார்கள். ஸுஹைறா அழவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. நான் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். றாஹிலா அவளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

திரைக்குப் பின்னால் முர்ஷித் சேர் கிடந்தார். குழாய்களையெல்லாம் மிஸ் எடுத்துவிட்டிருந்தாள். தாடை, நம்மட பேச்சில் நாடி, தளர்ந்து வாய் மட்டும் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. ஸுஹைறா குனிந்து அவர் கண்களைத் தடவி மூடினாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். பிறகு திரும்பி, வீட்டில் சாமான் கேட்கிற குரலில் கேட்டாள்.

"நாடியக் கட்டோணும் டொக்டர். இன்னும் சுணங்கினா வாய் மூடாது. துணி ஏதும் இரிக்கா?"

றாஹிலா மேசை லாச்சியைத் திறந்து ஒரு பண்டேஜ் சுருளை எடுத்துக் கொடுத்தாள். ஸுஹைறாவின் கைக்கு முடிச்சு விழவில்லை. அது இறுகும் வரைக்கும் றாஹிலா தன் ரெண்டு கையாலும் அவருடைய நாடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.